நோய்த்தொற்றுக் காலத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் மனநலம்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

2020-லும் 2021-லும் கர்ப்பிணியைப் பார்த்தவர்கள் எல்லாரும் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார்கள், ஆக்சிஜன் அளவைக் கேட்டார்கள். "ராத்திரி தூங்கினாயா, மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டவர்கள் குறைவு. பிரஷர் பார்ப்பதைப் போல ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி அது. கொரோனாவின்போது குடும்பங்கள் கேட்டவையும், அடுத்த தொற்று வந்தால் கேட்கப்போகிறவையும் கீழே உள்ளன.

தொற்று வந்தால் எல்லாருக்கும்தான் மனசு சரியில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் என்ன தனி?

நம் ஊர்கள் பேரிடருக்குப் புதியவை அல்ல. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் என எது வந்தாலும் வயிற்றுப்பிள்ளைக்காரியை முதலில் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ கூட்டிப்போய், நாலு பெண்களுக்கு நடுவில் உட்கார வைப்போம். தொற்றில் அந்த வழிதான் முதலில் அடைபட்டது. தாய்வீடு போக இ-பாஸ் வேண்டியிருந்தது. கடலூர்ப் பெண்ணைப் பாகூரில் கட்டிக்கொடுத்திருந்தால் நடுவில் முள்ளோடை எல்லை. வளைகாப்பு நின்றது, குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டி வரவில்லை. 2020 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் தொற்று மளமளவென ஏறியபோது, வாசலில் ஒட்டிய தனிமைப்படுத்தல் ஸ்டிக்கரே பல வீடுகளில் பெரிய பாரமாயிற்று.

கர்ப்ப காலமும் பிரசவத்துக்குப் பிந்திய முதல் ஒரு வருடமும் மனநோய்க்கு வாய்ப்பு கூடிய காலம். இந்தியாவில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிள்ளை பெற்றவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது கொரோனாவுக்கு முந்திய கணக்கு.

பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து காரணமே இல்லாமல் அழுகிறாள். வியாதியா?

பெரும்பாலும் இல்லை. பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி நாலைந்தாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். இடையிடையே சிரிப்பாள், குழந்தையைக் கொஞ்சுவாள், பசி எடுக்கும். மருந்து வேண்டாம். பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். "பிள்ளை பெத்த வீட்ல அழக்கூடாது" என்று அதட்டாமல் இருப்பதும் ஒரு உதவி.

அப்படியானால் மனச்சோர்வு என்று எப்போது எடுத்துக்கொள்வது?

இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், அல்லது அதற்கு முன்பே அவளால் தன்னையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால்.

முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். போன ஒரு மாதத்தில் மனம் தளர்ந்து, நம்பிக்கை இழந்து அடிக்கடி இருந்தாயா? எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தாயா? ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் அடுத்த படிக்குப் போக வேண்டும். மருத்துவமனைகளில் 1987-இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியலைப் பயன்படுத்துவார்கள். பத்துக் கேள்வி, மொத்தம் 30 மதிப்பெண். 13-ஓ அதற்கு மேலோ வந்தால் மனநல டாக்டர் பார்க்க வேண்டும் என்பது பொது வழக்கம். 10 வந்தாலே சிலர் கவனிக்கச் சொல்வார்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும்.

நம் பெண்கள் "மனசு சரியில்லை" என்று வாய் திறப்பது அபூர்வம். "தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் எரியுது, பால் ஊறல, நெஞ்சு படபடங்குது" என்றுதான் வரும். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்து இந்த முறையீடு மட்டும் ஓயவில்லை என்றால் மனசைப் பற்றிக் கேளுங்கள். தலைகீழாகவும் நடக்கும். ஹீமோகுளோபின் குறைவும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வு போலவே வேடம் போடும். ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் "டிப்ரஷன்" என்று முத்திரை குத்துவது அவசரம்.

குழந்தையைத் தொடவே பயப்படுகிறாள். நாளெல்லாம் கை கழுவுகிறாள். எச்சரிக்கைதானே?

தொற்றுக் காலத்தில் மிகவும் தவறவிடப்பட்டது இதுதான். கை கழுவச் சொன்னது அரசாங்கம், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அளவுகோல் எளிது. சோப்பு போட்டு 20 விநாடி கழுவி, வேலையைப் பார்க்கப் போனால் எச்சரிக்கை. கழுவி முடித்ததும் "சரியாகப் போகலியோ" என்று திரும்பத் திரும்பப் போவது, தோல் வெடிப்பது, பால் கொடுக்கும் நேரம் தள்ளிப்போவது, புருஷனைச் சட்டை மாற்றியும் உள்ளே விடாமல் இருப்பது என்றால் அது எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.).

இதில் இன்னொரு வகை உண்டு. "மாடியிலிருந்து பிள்ளையைக் கீழே போட்டுடுவேனோ", "அரிவாள்மனை பட்டுடுமோ" என்று படம் போல எண்ணம் வரும். வந்ததும் அவளே நடுங்கிப்போவாள், கத்தியை ஒளித்து வைப்பாள், வெளியே சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொள்வாள். எண்ணத்தைக் கண்டு அவளே அஞ்சுகிறாள் என்றால் அதன்படி நடக்கும் ஆபத்து மிகக் குறைவு. பேச்சு சிகிச்சையும் மருந்தும் நன்றாகக் கேட்கும். எண்ணத்தைக் கண்டு பயமே இல்லாமல், "சாமி சொல்லுது, செய்யணும்" என்ற தொனியில் பேசினால் கதை வேறு. அது அவசரம், கீழே தனியாக எழுதியிருக்கிறோம்.

மூச்சு முட்டுகிறது. தொற்றா, பதற்றமா, வயிறு பெரிதானதாலா?

மூன்றும் இருக்கலாம், அதனால் ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, எண் நிலைக்கும்வரை பொறுங்கள். நகப்பூச்சு இருந்தாலோ கை சில்லிட்டிருந்தாலோ அளவு தவறும். மருதாணி கருப்பாக ஏறிய விரலையும் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு. அளவு சரியாக இருந்து, திடீரென்று வந்து, பத்து இருபது நிமிடத்தில் தணிந்து, கை விரலும் உதட்டோரமும் மரத்துப்போனால் அது பெரும்பாலும் பதற்றம். நாலு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, கூடவே மூச்சுத் திணறினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதற்கு 108.

தொற்றுப் பயத்தில் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாத மற்ற நேரங்கள்: வயிற்றில் அசைவு குறைவது, உதிரப்போக்கு, பனிக்குடம் உடைவது, தலைவலியோடு கண் மங்குவது, பிரஷர் 140/90-ஐத் தொடுவது.

எனக்குத் தொற்று உறுதி. பிள்ளையைப் பிரித்து வைக்கணுமா?

கொரோனாவுக்கு உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்திலிருந்தே சொன்னது: தாய்க்கு முடிகிறவரை, முகக்கவசம் போட்டு, கை கழுவி, பால் கொடுக்கலாம், பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு முகக்கவசம் போடக் கூடாது, மூச்சு அடைக்கும். தாய்க்கு எழ முடியவில்லை என்றால் பாலைப் பீய்ச்சி, வேறொருவர் பாலாடையில் ஊட்டட்டும். பீய்ச்சிய பால் வெளியில் 4 மணி நேரம் தாங்கும், கத்திரி வெயிலில் அதைவிடக் குறைத்துக் கணக்கு வையுங்கள். வேறு புதுத் தொற்று என்றால் விதி மாறலாம், அப்போது டாக்டர் சொல்வதே கணக்கு.

பிரித்து வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மனசுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, சொன்ன நேரத்துக்கு வீடியோ கால். பிள்ளை குடித்த அளவு, ஒன்றுக்குப் போன கணக்கு, எடை என்று விவரமாகச் சொல்லுங்கள். "நல்லா இருக்கான், கவலைப்படாதே" என்ற ஒற்றை வரி பதற்றத்தைக் கூட்டத்தான் செய்யும்.

கொரோனா சிகிச்சையில் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு மனநிலையையும் புரட்டிப்போடும். அந்த நாட்களில் வந்த மாற்றம் என்றால் டாக்டரிடம் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

தூக்கமே இல்லை என்கிறாள். கைக்குழந்தை வீட்டில் தூக்கம் எப்படி வரும்?

மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைவிட, உடையாமல் எவ்வளவு என்பதே மனசுக்குக் கணக்கு. ஒரே மூச்சில் நாலு முதல் ஐந்து மணி நேரம் கிடைத்தால் பல தாய்மார்கள் ஒரு வாரத்தில் ஆள் மாறிவிடுகிறார்கள். தொற்றில் வீட்டில் ஆள் குறைந்ததால் முதலில் பறிபோனதும் அதுதான். மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டிய வைத்தியம் இது என்பது எங்கள் எண்ணம்.

இப்படிச் செய்யலாம். இரவு ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் தாய் வேறு அறையில், அறை இல்லாவிட்டால் கதவோரம் திரை கட்டி, படுத்துவிட வேண்டும். போன் அடுப்பங்கரையில். பதினொன்றரை, பன்னிரண்டு வாக்கில் பிள்ளை எழுந்தால், பீய்ச்சி வைத்த பாலைக் கணவரோ மாமியாரோ பாலாடையில் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டி, துணி மாற்றித் தூங்க வைக்கட்டும். இரண்டு மணிப் பாலுக்குத் தாயை எழுப்பலாம். பால் பீய்ச்ச முடியாதவர்களுக்கு மாற்று வழி: பிள்ளையைத் தாயிடம் கொண்டுவந்து கொடுத்து, குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். தட்டுவது, துணி மாற்றுவது, ஆட்டுவது எதற்கும் அவள் எழ வேண்டாம். பிறந்த பிள்ளைக்கு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் வேண்டும். மீதி முறைகளைப் பகலில் நெருக்கிக் கொடுத்துக்கொள்ளலாம்.

இது எங்கே கெடுகிறது? "ஆம்பளைப் பிள்ளைத் துணியை அலசுவானா" என்ற இடத்தில்தான் பெரும்பாலும். ஊரடங்கில் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த கணவர்கள் இதைச் செய்த வீடுகளும் உண்டு, நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓட்டிய வீடுகளும் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. பிள்ளை தூங்கி, ஆள் இருந்து, விளக்கணைந்தும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மனச்சோர்வையோ பதற்றத்தையோ நினையுங்கள். தூங்காமலே "எனக்குக் களைப்பே இல்ல" என்று வேலை செய்துகொண்டிருந்தால் அது அதைவிட ஆபத்து.

அம்மா வர முடியவில்லை. மாமியார் பத்தியத்தில் கண்டிப்பு. என்ன செய்வது?

பூண்டுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, பிரசவ லேகியம் எதையும் நாங்கள் குறை சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது: தண்ணீர். "பச்சை உடம்புக்குத் தண்ணி கொடுத்தா வயிறு போட்டுடும்" என்று நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்துவது தவறு. உடலில் நீர் வற்றினால் மூளையின் ரத்த நாளத்தில் கட்டி உறையும் ஆபத்து கூடும். கடுந்தலைவலி, வலிப்பு, உளறல் என்று வருவதைப் பார்த்து வீட்டில் "காத்து" என்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு நாளைக்கு மூன்று லிட்டர் அளவுக்கு நீராகாரம் போக வேண்டும். வெந்நீர்தான் என்றால் வெந்நீராகவே கொடுங்கள், சண்டை வேண்டாம்.

அம்மாவோடு தினமும் போன் பேசட்டும். ஆனால் மாமியார் காதில் விழாத இடத்தில். ஸ்பீக்கரில் பேசும் பெண் "நல்லா இருக்கேம்மா" என்பதைத் தவிர வேறென்ன சொல்வாள்?

தூங்காமல் உளறுகிறாள், பிள்ளை தன்னுடையதே இல்லை என்கிறாள். மேல்மலையனூருக்குக் கூட்டிப்போகலாமா?

அம்மனிடம் அப்புறம் போகலாம், முதலில் மருத்துவமனை, அன்றைக்கே. பிரசவத்துக்குப் பிந்திய மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். காலையில் தெளிவு, மதியம் குழப்பம் என்று மாறி மாறி வருவதால் "சரியாயிடுச்சு" என்று வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து உள்ள நோய் இது. சிகிச்சை எடுத்தால் பெரும்பாலோர் முழுக்கக் குணமாகிறார்கள்.

வண்டி வரும்வரை அவளைத் தனியாக விடாதீர்கள். பிள்ளையோடும் தனியாக விடாதீர்கள். கிணற்றடி, மாடி, அடுப்பு, பூச்சிமருந்து எல்லாவற்றையும் விலக்குங்கள். அவள் நம்புவதை எதிர்த்து வாதாட வேண்டாம். மருத்துவமனையில் காய்ச்சல், பிரஷர், வலிப்பு பற்றி மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் கிருமித்தொற்றும் பிரசவ வலிப்பு நோயும் இதே மாதிரி காட்டும்.

முன்பு இருதுருவ மனநோய் (அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார்) இருந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது வரலாம். அவர்களுக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்திலேயே மனநல டாக்டரோடு திட்டம் எழுதி வைத்துவிட வேண்டும். பிள்ளை தவறிப்போனால் பால் வற்றக் கொடுக்கும் கேபர்கோலின் மாத்திரை, இந்த நோய் முன்பு வந்தவர்களுக்கு மறுபடி கிளப்பிவிடலாம். பிரஷர் கட்டுப்படாதவர்களுக்கும் அது ஆகாது. எழுதும் டாக்டரிடம் பழைய கதையைச் சொல்லிவிடுங்கள்.

"சாகணும்னு தோணுதா" என்று கேட்டால் நாமே தூண்டிவிட்டதாகாதா?

ஆகாது. கேட்டதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வருவதில்லை, பாரம் இறங்கத்தான் செய்யும். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா? பிள்ளையையும் சேர்த்தா?" வழி யோசித்திருந்தால் அன்றைக்கே டாக்டர். வழக்கு வருமோ என்று மறைக்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. சேர்த்துச் சிகிச்சை தரும்போது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் பிரிவு 2009-இலிருந்து இயங்குகிறது.

பால் கொடுக்கிறவள் மனநல மாத்திரை சாப்பிடலாமா?

பல மாத்திரைகளைச் சாப்பிடலாம். மனச்சோர்வுக்கு அதிகம் எழுதப்படும் செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே போகும். 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். முதல் வாரம் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பு இருக்கும். அங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் பலன் தலைகாட்டும், முழுப் பலனுக்கு நாலு முதல் ஆறு வாரம். நலமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும்.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் வேறு சமாச்சாரம். பழக்கமாகிவிடும், பிள்ளைக்கும் தூக்கம் வரும். தூக்க மருந்து சாப்பிட்ட இரவில் பிள்ளையை ஒரே பாயில் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.

பட்டென்று நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு நேர் வழி. அந்த வாரமே டாக்டரைக் கேளுங்கள். மனநிலையைச் சமன்படுத்தக் கொடுக்கும் வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும், அதை மாற்றியே ஆக வேண்டும், ஆனால் அதுவும் டாக்டர் சொல்படி. அதே வேலைக்கு லித்தியம் சாப்பிடுபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கில் உடல் வறண்டால் ரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறும். சிசேரியன் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக்கும் ஏற்றிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், நாக்குக் குழறல் கண்டால் உடனே ரத்த அளவு பார்க்க வேண்டும்.

மாத்திரை தீர்ந்து எல்லை மூடியிருந்தால்? 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி டாக்டர் போனிலோ வீடியோவிலோ பார்த்துச் சீட்டு அனுப்பலாம். பழைய சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை, மாத்திரை அட்டையின் பின்பக்கம் மூன்றையும் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள். எப்போதும் பதினைந்து நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும்.

தடுப்பூசி?

கொரோனாத் தடுப்பூசியைப் பால் கொடுப்பவர்களுக்கு 2021 மே மாதமும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை மாதமும் அனுமதித்தார்கள். மனநல மாத்திரை சாப்பிடுவது அதற்குத் தடையில்லை.

பிள்ளை தவறிப்போனது. ஊரடங்கில் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பார்க்க விரும்பும் தாயைப் பார்க்க விடுங்கள், விரும்பாதவளை வற்புறுத்த வேண்டாம். "அடுத்தது வரும்" என்று சொல்லாதீர்கள். பால் கட்டி வலிக்கும், அதற்கு நன்றாகப் பொருந்தித் தாங்கும் உள்ளாடை, குளிர் ஒத்தடம், பாராசிட்டமால். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசலாம். பேச்சில் பிள்ளை வருவதைத் தடுக்காத வீட்டில் துக்கம் சீக்கிரம் வழி கண்டுகொள்கிறது. இரண்டு மாதம் கழிந்தும் சாப்பிடாமல், எழாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். எங்கேயும் போக முடியவில்லை.

181-க்குக் கூப்பிடுங்கள், இரவும் எடுப்பார்கள். அடி வாங்கும் பெண்ணுக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது சிகிச்சையாகாது. பரிசோதனைக்கு வரும்போது செவிலியர் உங்களை மட்டும் தனியே கூப்பிட்டால், இதைச் சொல்ல அதுவே நேரம். இன்னொன்று: சாராயக்கடை திடீரென்று மூடிய நாட்களில், தினம் குடிப்பவருக்குக் கை நடுக்கம், வியர்வை, இல்லாததைப் பார்ப்பது வந்தால் அது உயிராபத்து. அவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், பயந்து நீங்களே தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியில் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது?

பேச வேண்டும் என்றால் 14416. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபர் 10-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். கடலூர் மாவட்டத்தில் 104-உம் உண்டு. அவசரத்துக்கு இரு பக்கமும் 108.

நேரில் என்றால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் மனநலப் பிரிவு. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவார், நாளைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்கள் அங்கேயே டாக்டரிடம் சொன்னால் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

தொற்றுக் காலத்தில் மருத்துவமனைகளின் வேலை மாறும். 2020-இல் கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனையாயிற்று, ஜிப்மரில் வழக்கமான வெளிநோயாளர் பிரிவு நின்று போன் ஆலோசனை வந்தது. அதனால் கிளம்புமுன் போன் செய்யுங்கள். மகப்பேறு அட்டை, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), மாத்திரைச் சீட்டு, பிள்ளைக்கு ஒரு செட் துணி, இவை ஒரே பையில் வாசற்பக்கம் இருக்கட்டும். எல்லையில் நிறுத்தினால் மகப்பேறு அட்டையை முதலில் காட்டுங்கள்.